சீனியும் உப்பும்



பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதும் மௌலவிமார் பெரும்பாலும் பிறர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியே எழுதுவார்கள். நானும் அப்படிப் பல தடவைகள் எழுதியிருக்கிறேன்; மிம்பரில் நின்றும் பேசியிருக்கிறேன். இம்முறை என் சொந்த வீட்டைப் பற்றி எழுதப் போகிறேன். இதில் எனக்கு மகிழ்ச்சி தரும் சங்கதியும் உண்டு, வெட்கம் தரும் சங்கதியும் உண்டு. வெட்கம் தருவதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மூத்த மகன் 2007இல் பிறந்தவன். மூன்றரை வயதில் அவனை ஒரு பாலர் பாடசாலையில் சேர்த்தோம். அங்கே ஒவ்வொரு நாளும் கொப்பி நிறைய 'அ' எழுத வேண்டும். எழுதி முடியாததை வீட்டில் எழுத வேண்டும். நான் பாடசாலை விட்டு வந்து, அஸர் தொழுதுவிட்டு, பாயை விரித்து அவனை உட்கார வைப்பேன். முதலில் கொப்பி, பிறகு அலிஃப், பே. கையில் ஓர் ஈர்க்கில் வைத்திருப்பேன். அவன் விரல் பென்சிலைச் சரியாகப் பிடிக்காது. ஈர்க்கில் அந்த விரலில் விழும்.

என் மாமி, அதாவது பிள்ளைகளின் மூத்தம்மா, ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: "மருமகன், நட்ட கம்பை நாளும் பிடுங்கிப் பார்த்தா அது எப்படி வேர் விடும்?" ஆறு வருடம் அரபுக் கல்லூரியில் ஓதியவன் நான், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி எனக்குப் புத்தி சொல்வதா என்று எண்ணிக் கொண்டேன்.

சில மாதங்களில் ஒன்றைக் கவனித்தேன். வாசலில் என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மகன் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்து கொள்வான். விளையாட்டுக்கு ஒளிகிறான் என்று வெகு நாட்கள் நினைத்திருந்தேன். அது விளையாட்டல்ல என்று என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. எனக்குச் சொல்லப் பயந்திருக்கிறாள்.

அவன் எழுதப் படிக்கப் பழகினான். குர்ஆனும் ஓதி முடித்தான். ஆனால் தானாக ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்ததை நான் கண்டதில்லை. எதையும் கேட்கவும் மாட்டான். சொன்னதைச் செய்வான், அவ்வளவுதான்.

அவனுக்குப் பிறகு பல வருடங்கள் கழித்து, 2016இல் அல்லாஹ் எங்களுக்கு ஒரு பெண் குழந்தையைத் தந்தான். அவளையும் 2020 ஜனவரியில் பாலர் பாடசாலையில் சேர்த்தோம். இரண்டு மாதந்தான் போனாள். மார்ச் மாதம் கொரோனா காரணமாக நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆந் திகதி ஊரடங்குச் சட்டமும் வந்தது. பள்ளிவாசல்களில் பாங்கொலி மட்டும் கேட்டது. நான், மனைவி, மாமி, மகன், மகள் எல்லோரும் ஒரே வளவுக்குள் அடைபட்டோம். என்னுடைய கல்வி அங்கேதான் ஆரம்பித்தது என்றால் மிகையில்லை.

ஒரு நாள் மகள் மூத்தம்மாவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். மாமி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். சீனிக்குப் பதில் உப்புப் போட்டிருக்கிறாள்! இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே மாதிரியான பால்மா டின்களில் இருந்தன. நானாக இருந்தால் ஏசியிருப்பேன். மனைவி சிரித்துக் கொண்டே இரண்டு துண்டுக் காகிதங்களில் 'சீனி', 'உப்பு' என்று எழுதி, "எது எந்த டின்னுக்கு எண்டு ருசி பார்த்து நீயே ஒட்டு மகள்" என்றாள். எது எந்தச் சொல் என்பதை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

அன்றிரவு மகள் என்னிடம் வந்து, "வாப்பா, உப்புக்கு முதல்ல இருக்கிற எழுத்துத்தானே உம்மாவுக்கும் முதல்ல?" என்று கேட்டாள். நான் அசந்து போனேன். அவளுக்கு யாரும் 'உ' கற்றுக் கொடுக்கவில்லை. மறுநாள் மஞ்சள், மல்லி, மிளகு என்று அடுப்படியிலுள்ள எல்லா டின்களுக்கும் பெயர் எழுதித் தரச் சொல்லி உம்மாவை நச்சரித்தாள். ஈர்க்கிலும் பாயும் கொப்பியும் இல்லாமல் ஒரு மாதத்துக்குள் பல சொற்களை இனங்காணப் பழகிவிட்டாள்.

கணக்கும் அப்படித்தான் வந்தது. வீட்டுக் கோழியொன்று அடையிருந்தது. மாமி பதினொரு முட்டைகள் வைத்தார். "எப்ப பொரிக்கும்?" என்று மகள் கேட்க, "இருபத்தியொரு நாள் போகணும்" என்றார். இருபத்தியொன்று என்றால் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. மாமி ஒரு கரித்துண்டைக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் சுபஹுக்குப் பிறகு குசினிச் சுவரில் ஒரு கோடு போடச் சொன்னார். சுவர் அசிங்கமாகும் என்று நான் முணுமுணுத்தேன். யாரும் காதில் வாங்கவில்லை.

கோடுகள் கூடக் கூட, அவள் எண்ணவும் பழகினாள். ஐந்து ஐந்தாகப் பிரித்து எண்ணினால் இலகு என்பதை அவளுடைய நானா காட்டிக் கொடுத்தான். ஒன்பது முட்டைகள் பொரித்தன. இரண்டு கூழ்முட்டை. "பதினொண்டில ரெண்டு போனா ஒம்பது" என்று வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் சொல்லிக் கொண்டு திரிந்தாள். கழித்தல் கணக்கை இத்தனை சந்தோஷமாகச் சொன்ன ஒரு மாணவியை என் ஆசிரிய வாழ்வில் நான் கண்டதில்லை.

நானும் எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்து பார்த்தேன். தொழுகை நேரத்தை நிழலைக் கொண்டு கணிப்பது பற்றி ஃபிக்ஹு பாடத்தில் ஓதியிருந்தேன். மாணவர்களுக்குக் கரும்பலகையில் படம் போட்டும் காட்டியிருக்கிறேன். முற்றத்தில் ஒரு கம்பை நட்டு, "நிழல் எங்கே போகுதென்று பார்" என்றேன். அது ஏப்ரல் மாதத்தின் முதற் பாதி. வருடந்தோறும் அந்நாட்களில் சூரியன் நம் நாட்டுக்கு நேர் உச்சியில் வரும். நடுப்பகலில் மகள் ஓடி வந்தாள்: "வாப்பா, நிழலைக் காணல்ல! எங்க போச்சு?" போய்ப் பார்த்தேன். கம்பின் அடியில் நிழலே இல்லை. கிதாபில் ஓதிய விடயம் கண் முன்னால் நின்றது.

பிறகு நிழல் மறுபக்கம் நீளத் தொடங்கியது. லுஹர் வந்துவிட்டது என்றேன். கம்பின் நீளத்துக்கு நிழல் வந்தால் அஸர் என்றும் சொன்னேன். அவள் அதே அளவில் இன்னொரு கம்பை முறித்து வந்து, அடிக்கடி நிழலின் மேல் படுக்க வைத்துப் பார்த்தாள். நிழலும் கம்பும் சரியாக வந்த நேரம் பள்ளியில் பாங்கு ஒலித்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏதோ பாங்கையே தான் வரவழைத்தது போல் நின்றாள்.

எல்லாம் இன்பமாகவே நடந்தன என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் காகம் ஒரு குஞ்சைத் தூக்கிப் போய்விட்டது. மகள் சாப்பிடாமல் அழுதாள். "எல்லாம் அல்லாஹ்வின் ஏற்பாடு, அழக்கூடாது" என்று ஒரு பிரசங்கம் செய்ய வாயெடுத்தேன். அப்போது அனஸ் (ரழி) அவர்களின் தம்பி அபூ உமைரின் சம்பவம் நினைவுக்கு வந்தது. அந்தச் சிறுவர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடுவார். அது இறந்து அவர் கவலையோடிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரைச் செல்லப் பெயரால் அழைத்து அந்தக் குருவியைப் பற்றி விசாரித்தார்கள். எத்தனையோ பொறுப்புகளைச் சுமந்திருந்த அவர்கள் ஒரு சிறு பிள்ளையின் குருவியைப் பற்றிக் கேட்டார்கள்! நான் பிரசங்கத்தை விட்டுவிட்டு, "எந்தக் குஞ்சு மகள் போனது? புள்ளிக் குஞ்சா?" என்று கேட்டேன். அவள் என் மடியில் ஏறிக் கொண்டு அந்தக் குஞ்சின் கதை முழுவதையும் சொன்னாள்.

சகோதரிகளே, இவை புதிய விடயங்களல்ல. ஹிஜ்ரி 505இல் வபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில், ஓதி முடித்த பிள்ளையை விளையாட விட வேண்டும், எந்நேரமும் படிப்பில் கட்டிப் போட்டால் அதன் உள்ளம் செத்துவிடும் என்ற கருத்தை எழுதியுள்ளார்கள். நான் அந்தக் கிதாபை ஓதியவன்தான். ஓதினேன், கோடிட்டேன், அலுமாரியில் வைத்தேன். வீட்டில் ஈர்க்கிலை எடுத்தேன்.

நமதூர்ப் பாலர் பாடசாலைகள் பலவற்றின் பெயர்ப் பலகையில் 'மொண்டிசூரி' என்று எழுதியிருக்கிறது. மரியா மொண்டிசூரி என்பவர் இத்தாலிய நாட்டு டாக்டர். 1907இல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பொன்றில் சிறு பிள்ளைகளுக்கான தமது முதல் இல்லத்தைத் திறந்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். தண்ணீர் ஊற்றுவது, துடைப்பது, பொத்தான் பூட்டுவது, அடுக்குவது போன்ற கை வேலைகளிலிருந்தே பிள்ளையின் அறிவு வளரும் என்பது அவரது முறை. அவருடைய பெயரை மாட்டிக் கொண்டு மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கொப்பி நிறைய எழுதக் கொடுப்பது எவ்வளவு முரண்!

அமெரிக்காவில் ஜோன் ஹோல்ட் என்ற ஆசிரியர் இன்னும் ஒரு படி மேலே போனார். பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள் என்பது பற்றி 1964இல் ஒரு நூல் எழுதினார். பாடசாலைக்கே அனுப்பாமல் வீட்டில் வாழ்க்கையோடு சேர்த்துப் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்காக 1977இல் ஒரு பத்திரிகையும் தொடங்கினார். நம் நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். எனவே பாடசாலையை நிறுத்துங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நானே ஒரு பாடசாலை ஆசிரியன்தான். ஐந்து வயதுக்கு முந்திய காலத்தைப் பிள்ளையிடமிருந்து பறித்துக் கொள்ளாதீர்கள் என்பதே என் கோரிக்கை.

"வேலையோடு வேலையாக இதற்கெல்லாம் நேரம் ஏது மௌலவி?" என்று நீங்கள் கேட்பது எனக்கு விளங்குகிறது. என் மனைவியிடம் இதையே கேட்டேன். "தனியா நேரம் எடுக்கல்ல. நான் செய்யிற வேலையைப் பக்கத்தில இருந்து செய்ய விட்டேன். வேலை கொஞ்சம் சுணங்கிச்சு, அவ்வளவுதான்" என்றாள். அரிசியைச் சுண்டால் அளக்க விடுவது, வெங்காயத்தைப் பெரிது சிறிதாகப் பிரிக்க விடுவது, பயறை நனைத்து முளை வருவதைப் பார்க்க விடுவது, கழுவிய உடுப்புகளில் வாப்பாவுடையதை வேறாக்க விடுவது, இவற்றுக்குக் காசு செலவில்லை. கிணற்றடியிலும் அடுப்படியிலும் மட்டும் கண் வைத்திருக்க வேண்டும். இந்த வேலைகளை ஆண் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். வாப்பாமாரும் கொஞ்சம் முற்றத்தில் இறங்க வேண்டும். பிள்ளையின் அரிசியும் கணக்கும் உம்மாவின் தலையில் மட்டும் விழுந்தால் அது நீதியல்ல. கையடக்கத் தொலைபேசியைக் கொடுத்துப் பிள்ளையைப் பேசாதிருக்கச் செய்வதைச் சுதந்திரமாக விடுவதென்று எண்ணிக் கொள்ளவும் வேண்டாம்.

மகள் 2022இல் தரம் ஒன்றில் சேர்ந்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும்: முதல் தவணையில் அவளுடைய எழுத்து கோணல் மாணலாக இருந்தது. அயலிலுள்ள பிள்ளைகள் அழகாக எழுதினார்கள். எனக்குப் பழைய கை துருதுருத்தது. பொறுத்துக் கொண்டேன். அடுத்த வருடத்துக்குள் எழுத்து நேராகிவிட்டது. கேள்வி கேட்பது மட்டும் இன்னும் குறையவில்லை.

இனி, நான் இதை எழுதியதற்கான காரணத்துக்கு வருகிறேன்.

அந்த ஊரடங்கு நாட்களில் என் மகன் தங்கைக்குக் கோழிக்கூடு செய்து கொடுத்தான். பழைய பலகை, கம்பி வலை, ஆணி என்று தானே தேடியெடுத்து, அளந்து, அறுத்து, கீல் வைத்த கதவோடு செய்தான். பதின்மூன்று வயதுப் பையனுக்கு இவ்வளவு கைத்திறன் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. அருகில் போய் மெச்சினேன். அவன் தலை நிமிராமல், "சின்ன வயசில நானும் நிறையக் கேட்டன் வாப்பா. முதல்ல எழுதி முடி எண்டு சொல்லுவீங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, இஷாவுக்குப் பின் அவனை முற்றத்துக்கு அழைத்துச் சென்று, "மகன், நான் உனக்குச் செய்தது பிழை. என்னை மன்னிச்சிக்க" என்றேன். மகனிடம் வாப்பா மன்னிப்புக் கேட்பதா என்று சிலர் நினைக்கலாம். அடித்த கை யாருடையதோ அவனே கேட்க வேண்டும். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் என் மோட்டார் சைக்கிளைக் கழுவித் துடைத்து வாசலில் வைத்திருந்தான்.

இப்போது அவன் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கிறான். புத்தகமும் வாசிக்கிறான், இயந்திரங்களைப் பற்றிய புத்தகங்கள். எனக்கு அது போதும், அல்ஹம்துலில்லாஹ்.

குசினிச் சுவரிலுள்ள இருபத்தியொரு கரிக் கோடுகளை இன்னும் நாங்கள் அழிக்கவில்லை. சுண்ணாம்பு அடிக்கும்போதும் அந்த இடத்தை விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளை கேள்வி கேட்டு, "பேசாம இரு" என்று சொல்ல நாக்கு எழும்பும்போது நான் அந்தச் சுவரைப் பார்த்துக் கொள்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படியொரு சுவர் அமைய அல்லாஹ் அருள் புரிவானாக!

வஸ்ஸலாம்.