அரிவாள்மணையும் ரூட்டர் மேசையும்

ரூட்டர் என்று சொன்னால் எங்கள் தமிழ்த்துறையில் எல்லோருக்கும் வைஃபை பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. நான் சொல்வது மரவேலை ரூட்டரை. ஒரு மோட்டார், அதன் அடியில் 'பிட்' என்று சொல்லப்படும் வெட்டுமுனை, இரண்டு பக்கமும் கைப்பிடி. நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 சுற்றுவரை அந்த பிட் சுழலும். பலகையில் நீளப் பள்ளம் எடுக்கலாம், கூரான விளிம்பை உருட்டலாம், சட்டத்தில் அலங்கார வரி போடலாம். உளியும் இழைப்புளியும் கொண்டு அரை நாள் செய்யும் வேலையை அது சில நிமிடங்களில் முடித்துவிடும்.

பெரிய பிட் போடும் ரூட்டர் 5, 6 கிலோ எடை இருக்கும். அதைப் பலகை மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, குனிந்தபடி நகர்த்த வேண்டும். அகலமான பலகை என்றால் சமாளித்துவிடலாம். 2 அங்குல அகலச் சட்டம் என்றால் ரூட்டரின் அடித்தட்டு பாதிக்கு மேல் அந்தரத்தில் நிற்கும். கொஞ்சம் சாய்ந்தாலும் பிட் மரத்தைக் கடித்துவிடும். புத்தக அலமாரியை நானே செய்வது என்று இறங்கியபோது, எனக்கு மரவேலை சொல்லித்தந்த பெரியவர் இந்த இடத்தில்தான் நிறுத்தினார். "இது ஆம்பளக் கை கேக்கும்மா. இத மட்டும் நான் பண்ணித் தந்துர்றேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

அந்த நாட்களில் எங்கள் எதிர்வீட்டில் மாடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவர் இல்லாத படிகளில் பெண்கள் நாள் முழுக்க ஏறி இறங்கினார்கள். ஒரு சட்டிக் கலவை என் ரூட்டரைவிடப் பல மடங்கு கனம். அந்தப் பெண்களுக்கு அங்கே பெயர் சித்தாள். சிறிய ஆள் என்று பொருள். அவர்கள் கையில் கரணையோ மட்டப்பலகையோ யாரும் கொடுக்கவில்லை. எடையைத் தூக்கும்போது பெண் உடம்பின் பலம் யாருக்கும் சந்தேகமாக இல்லை. கருவியைப் பிடிக்கும்போது மட்டும் அது போதாமல் போய்விடுகிறது. ஆம்பளக் கை என்ற பேச்சு எனக்கு அங்கேயே பொருளற்றுப் போனது.

இருந்தாலும் குறுகலான சட்டத்தின் மேல் கனமான ரூட்டரைத் தள்ளாட விடுவது ஆணுக்கும் ஆபத்துதான். மரவேலைக்காரர்கள் இதற்கு வெகுகாலம் முன்பே வழி கண்டுவிட்டார்கள். ரூட்டரைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு மேசையின் அடியில் தொங்கவிட வேண்டும். பிட் மட்டும் மேசையின் துளை வழியாக மேலே எட்டிப் பார்க்கும். இப்போது மெஷின் நகராது, மரம் நகரும். மெஷினின் 6 கிலோவை மேசை சுமக்கும், என் கையில் ஒரு கிலோகூட இல்லாத சட்டம் மட்டும் இருக்கும். இதுதான் ரூட்டர் மேசை. கடையில் வாங்கலாம் என்றாலும் நானே செய்ய முடிவெடுத்தேன்.

முதல் கேள்வி உயரம். எங்கள் வீட்டுச் சமையல் மேடை 34 அங்குலம். கொத்தனார் வழக்கமாகப் போடும் அளவு அது. அந்த மேடை முன்னால் காலம் முழுக்க நிற்கப்போகிறவளை நிற்கவைத்து யாரும் அளக்கவில்லை. நான் செருப்புப் போட்டு நின்று, முழங்கையை மடக்கி, அதற்குக் கீழே ஒரு சாண் விட்டுச் சுவரில் கோடு போட்டேன். 32 அங்குலம் வந்தது. இந்த வீட்டில் என் உடம்பை அளந்து செய்த முதல் பொருள், துணிமணி நீங்கலாக, இந்த மேசைதான்.

பிளைவுட் கடையில் 18 மில்லிமீட்டர் பலகையை அளவுச் சீட்டின்படி அறுத்துத் தரச் சொன்னேன். கடைக்காரர் சீட்டைப் பார்க்கவில்லை. "ஆசாரி நம்பர் குடுங்க மேடம், அவர்கிட்டயே கேட்டுக்கறேன்" என்றார். "அளவு சீட்டுலதான் இருக்கு, சந்தேகம் இருந்தா என்னைக் கேளுங்க" என்றேன். இரண்டு சந்தேகம் கேட்டார். இரண்டும் நல்ல சந்தேகங்கள். அறுத்துக் கொடுத்தார்.

மேல்பலகைக்கு இரண்டு பலகைகளை ஃபெவிகால் போட்டு ஒட்டி 36 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவந்தேன். மெஷினின் அதிர்வைத் தாங்கி, நடுவில் தொய்யாமல் இருக்க அந்தக் கனம் வேண்டும். மேலே மரம் வழுக்கிப் போக சன்மைக்கா ஒட்டினேன். அடியிலும் ஒட்டினேன். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் மழைக்காலத்து ஈரத்தை மறுபக்கம் குடித்துப் பலகை வளைந்துவிடும்.

ரூட்டரை நேராகப் பலகையில் மாட்டினால் பலகையின் கனம் பிட்டின் உயரத்தைத் தின்றுவிடும். அதனால் நடுவில் ஒரு அலுமினியத் தகடு பதிக்க வேண்டும். லேத் பட்டறையில் 6 மில்லிமீட்டர் தகடு ஒன்றை 12க்கு 9 அங்குலமாக வெட்டி வாங்கினேன். ரூட்டரின் பிளாஸ்டிக் அடித்தட்டைக் கழற்றித் தகட்டின் மேல் வைத்து, அதிலிருந்த துளைகளைப் பார்த்தே புதுத் துளைகளைக் குறித்தேன். தகடு உட்காரும் பள்ளத்தை அதே ரூட்டரால் எடுத்தேன். தான் இருக்கப்போகும் இடத்தை அது தானே குடைந்துகொண்டது. பிட் வட்டமானது என்பதால் பள்ளத்தின் மூலைகள் உருண்டுதான் வரும். தகட்டின் மூலைகளையும் அரத்தால் தேய்த்து அந்த உருட்டலுக்குப் பொருத்தினேன். பிறகு சுற்றிலும் முக்கால் அங்குல விளிம்பு விட்டு நடுப்பகுதியை அறுத்து எடுத்தேன். தகட்டின் நான்கு மூலையிலும் சிறு திருகுகள் உண்டு. எஃகு அளவுகோலைக் குறுக்கே வைத்து, தகடும் சன்மைக்காவும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை அவற்றைத் திருக வேண்டும். ஒரு காகிதக் கனம் வித்தியாசம் இருந்தாலும் தள்ளும் மரம் அங்கே முட்டி நிற்கும்.

பிட்டுக்குப் பின்னால் மரத்தை அணைத்துத் தள்ள ஒரு நேரான தடுப்புக்கட்டை வேண்டும். ஃபென்ஸ் என்பார்கள். அது மேசைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஆனால் மேசையின் எந்த விளிம்புக்கும் இணையாக இருக்க வேண்டியதில்லை. பிட் வட்டம், எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் உள்ள தூரம்தான் கணக்கு. ஒரு முனையை இறுக்கிவிட்டு மறுமுனையை ஒரு நூல் நகர்த்தினால் வெட்டு நுணுக்கமாக மாறும்.

ஸ்விட்ச் தனியாக, முன்பக்கம், முழங்காலால் தட்டினாலும் அணைகிற மாதிரி வைத்தேன். மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடத் தொடங்காத வகை அது. நம் ஊரில் இதைக் கட்டாயம் என்றே சொல்வேன்.

மேசை முடிந்து முதல் சட்டத்தை ஓட்டியபோது அம்மா வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்தியதும், "என்னடி, அருவாமணைக்குக் கரண்டு குடுத்த மாதிரி இருக்கு" என்றார்.

அரிவாள்மணை அப்படியே இதுதான். கத்தியைக் கையில் பிடித்தால் ஒரு கை கத்திக்குப் போய்விடும். மணையைக் காலால் அழுத்தி அலகை நிறுத்திவிட்டால் இரண்டு கையும் காய்க்குக் கிடைக்கும். காய்தான் அலகை நோக்கிப் போகும். நுனியில் உள்ள துருவியில் தேங்காய் மூடியைச் சுற்றிச் சுற்றித் திருப்புவது, வளைந்த மரத்தை பிட்டைச் சுற்றி ஓட்டும் அதே கைவாகு. கோவையில் பெயர் பெற்ற வெட் கிரைண்டரிலும் இப்படி ஒரு மாற்றம் இருக்கிறது. ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவியைக் கை சுற்றும். கிரைண்டரில் குழவி நிற்கிறது, கல் சுற்றுகிறது. எது நிற்க வேண்டும், எது நகர வேண்டும் என்று யோசித்த இடத்தில்தான் உடம்பின் பாரம் குறைந்திருக்கிறது. அம்மா ஐம்பது வருடம் தினமும் செய்த வேலையில் இந்த அறிவு இருந்தது. அதைச் சமையல் என்று மட்டும் சொன்னோம்.

வேறுபாடும் உண்டு. அரிவாள்மணையில் கை நின்றால் வெட்டு நின்றுவிடும். ரூட்டர் நம் கைக்காகக் காத்திருக்காது. தலைகீழாக மாட்டிய பிட், மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். பிட்டுக்கு முன்னால் நின்று மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ளினால் அது எதிர்த்துக்கொண்டே வெட்டும். மாற்றித் தள்ளினால் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும், பின்னாலேயே கையும் போகும். பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் மரத்தை ஒருபோதும் செருகக் கூடாது. 9 மில்லிமீட்டர் பள்ளத்தை மூன்று மூன்றாக மூன்று முறையில் எடுக்க வேண்டும். சட்டத்தின் கடைசிப் பகுதியைத் தள்ளுகட்டையால்தான் தள்ள வேண்டும். இவற்றில் எதற்கும் பலம் தேவையில்லை. பொறுமையும் கவனமும் போதும். புறநானூற்றின் 87ஆம் பாட்டில் ஔவையார் அதியமானை ஒரு தேர்ச்சக்கரத்துக்கு ஒப்பிடுகிறார். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சர் ஒரு மாதம் எடுத்துச் செய்த சக்கரம் அது. தச்சு வேலையின் மதிப்பை நிதானத்தில் கண்டவர் ஒரு பெண் கவி என்பதை வகுப்பில் இப்போது அழுத்திச் சொல்கிறேன்.

மெஷின் பக்கம் போகுமுன் கழற்ற வேண்டியவை ஒரு பட்டியல்: துப்பட்டா, வளையல், மோதிரம், கழுத்தில் தொங்கும் எதுவும். கையுறையும் கூடாது, பிட் அதையும் இழுத்துவிடும். பின்னலை முடிந்து உள்ளே செருகிக்கொள்ள வேண்டும். தாலிச் சங்கிலியைக் கழற்றி ஆணியில் மாட்டியபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சுத்தற மெஷினுக்கு எது தாலி, எது கயிறுன்னு தெரியாதும்மா" என்றேன். ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் ஆணி இருந்த இடத்தில் ஒரு சின்னக் கிண்ணம் வைத்திருந்தார். பெண்ணின் மேல் ஏற்றிவைத்த அடையாளங்களில் பெரும்பாலானவை இழுபடக் கூடியவை என்பது அந்தப் பட்டியலைப் போட்டபோதுதான் கண்ணில் பட்டது. கண்ணாடியும் முகமூடியும் காதடைப்பும் கட்டாயம் போட வேண்டியவை. மரத்தூசு புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

அலமாரி முடிந்து, ஐந்து தட்டுகளும் பள்ளங்களில் வந்து உட்கார்ந்துவிட்டன. பெரியவர் வந்து பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, தன் பேத்திக்கு ஒரு படச்சட்டம் செய்ய மேசையைக் கேட்டார். பேத்தியையும் கூட்டிவரச் சொன்னேன்.

சனிக்கிழமைகளில் எம்.ஏ. படிக்கும் மாணவி ஒருத்தி கற்றுக்கொள்ள வருகிறாள். என்னைவிட உயரம் குறைவு. என் 32 அங்குலம் அவளுக்குத் தோளைத் தூக்கவைக்கிறது. மிச்சமிருந்த பிளைவுட்டில் அவள் நிற்க அகலமான கால்மணை ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். அளவை அவளே எடுத்தாள். விளிம்பையும் அவளே உருட்டினாள், வலமிருந்து இடமாக.