பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழேய்ய்..."

இந்தக் குரலைக் கேட்டதும் வீட்டில் எந்தச் சாமான் 'பழசு' என்று தேட ஆரம்பித்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் ரெண்டு பேரும் ஒரே கட்சி. ஓடாத சைக்கிளைப் பார்த்தாலும், ஆபீஸில் ஓடாத மேனேஜரைப் பார்த்தாலும், "பேரீச்சம்பழத்துக்குப் போடுடா" என்று சொல்லியே வளர்ந்த சமூகம் நம்முடையது. நம் அகராதியில் பேரீச்சம்பழம் என்றால், உதவாத பொருளுக்குக் கிடைக்கிற விலை.

நானும் ஒரு தடவை போட்டிருக்கிறேன். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது. அப்பாவின் மளிகைக்கடை கடனில் மூழ்கிய வருஷம். தராசும் எடைக்கற்களும் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தன. அறுகோண இரும்புக் கற்கள், அடியில் ஈயம் ஊற்றி சர்க்கார் முத்திரை குத்தியது. ஒரு மத்தியானம் அம்மா தூங்க, தெருவில் குரல் கேட்க, நான் ஐந்து கிலோ, இரண்டு கிலோ, ஒரு கிலோ மூன்றையும் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டேன். பதிலுக்கு ஒரு பேப்பர் பொட்டலம் பேரீச்சம்பழம். பின்னாளில் பி.காம். படிக்கப்போகிறவனின் முதல் வியாபாரம்!

சாயங்காலம் அப்பா வந்தார். அம்மா அழுதாள். அப்பா அடிக்கவில்லை. பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இனிப்பாத்தான் இருக்கு" என்றார். அதற்கப்புறம் கடையைத் திரும்பத் திறக்கிற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அது ஏன் என்று எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று.

இந்தக் கதை எனக்கு ஞாபகம் வந்த இடம் கலிஃபோர்னியா.

2024 செப்டம்பரில் அக்கா டிக்கெட் போட்டு அனுப்பி என்னை வரவழைத்திருந்தாள். (பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன் அமெரிக்கா பார்க்க வேறு வழி கிடையாது!) ஒரு சனிக்கிழமை காலை அத்தான், "மாப்ளே, டிஸ்னிலேண்டெல்லாம் குழந்தைங்களுக்கு. வா, பேரீச்சந் தோப்பு காட்டறேன்" என்றார். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வழியில் ஒரு கணவாயில் ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் சுற்றின. முப்பந்தலைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்த மாதிரி. அதைத் தாண்டினால் மொட்டை மலை, பாலைவனம், அதற்கு நடுவில் திடீரென்று வரிசை வரிசையாகப் பேரீச்சை மரங்கள். கோச்செல்லா பள்ளத்தாக்கு. அதன் தென்பகுதி கடல் மட்டத்துக்கும் கீழே. ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள்: இண்டியோ, தெர்மல், மெக்கா! அரபு தேசத்திலிருந்து மரத்தைக் கொண்டுவந்தவர்கள் பெயரையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டார்கள்.

காரை விட்டு இறங்கினேன். அடுப்பைத் திறந்து முகத்தில் பிடித்த மாதிரி வெயில். "அரேபியாவுல சொல்வாங்க மாப்ளே, பேரீச்சைக்குக் காலு தண்ணியில, தலை நெருப்புல இருக்கணும்னு" என்றார் அத்தான். தலை நெருப்பில் இருந்தது. கால் தண்ணீருக்கு ஏங்கியது.

இண்டியோவில் ஷீல்ட்ஸ் தோட்டம் என்று 1924-லேயே ஆரம்பித்த கடை ஒன்று இருக்கிறது. பேரீச்சம்பழ மில்க் ஷேக்குக்குப் பேர்போன இடம். அங்கே ஒரு படம் காட்டுகிறார்கள். படத்தின் தலைப்பு, 'பேரீச்சம்பழத்தின் காதலும் காமமும்'. அத்தான் என்னைப் பார்த்துக் கண்ணடிக்க, அக்கா அத்தானை முறைக்க, நாங்கள் மார்னிங் ஷோ போகிற பையன்கள் மாதிரி உள்ளே நுழைந்தோம். படம் சுத்தமான தாவரவியல்! சிறுவர்களை அழைத்துப் போகலாம்.

ஆனாலும் விஷயம் சுவாரஸ்யமானதுதான். பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஏறக்குறைய ஐம்பது பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும். (அத்தான் பெருமூச்சு விட்டார். அக்கா இன்னொரு தடவை முறைத்தாள்.) காற்றை நம்பினால் காய்ப்பு ஒழுங்காக இருக்காது. ஆகவே கல்யாணத் தரகர் வேலையை மனிதனே செய்கிறான். வசந்தம் தொடங்கும்போது ஆண் பாளையை வெட்டி, மகரந்தத்தை உதிர்த்துக் காயவைத்து, ஒரு சின்ன பாட்டிலில் அடைத்துக்கொண்டு பெண் மரத்தில் ஏறி, பாளை பாளையாகப் பீய்ச்ச வேண்டும்.

கொட்டையை ஊன்றி மரம் வளர்க்கலாமே என்று கேட்டேன். வளரும். ஆனால் பாதிக்குப் பாதி ஆணாகப் போகும். மீதி பெண்ணானாலும் அம்மா மாதிரி இனிப்பாக இருக்கும் என்பதற்கு கியாரண்டி இல்லை. அச்சாக அதே மரம் வேண்டுமென்றால், இளம் மரத்தின் அடியில் வாழைக்கு வருகிற மாதிரி பக்கக் கன்று வருகிறதே, அதைப் பிரித்து நடவேண்டும். அதையும் ஒரு மரம் வாழ்நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருக்காது. இளமையில் கொஞ்சம், அவ்வளவுதான். (இப்போது ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு முறையிலும் கன்று எடுக்கிறார்கள்.)

இந்தக் கன்று விவகாரத்தில்தான் மெட்ஜூலின் கதை இருக்கிறது. இன்று சூப்பர் மார்க்கெட்டில் பெட்டியில் அடுக்கி, கட்டைவிரல் தடிமனில், கேரமல் நிறத்தில் மினுமினுக்கிறதே, ஒரு பழமே 20 கிராமுக்கு மேல் நிற்குமே, அதுதான் மெட்ஜூல். சொந்த ஊர் மொராக்கோ. அங்கே 'மஜ்ஹூல்' என்பார்கள். அரபியில் 'அறியப்படாதது' என்று பொருள். பெயர் தெரியாததே அதற்குப் பெயராகிவிட்டது.

மொராக்கோ மரங்களுக்கு ஒரு யமன் வந்தான். 'பாயூத்' என்று பெயர். மண்ணில் வாழ்கிற ஒரு பூஞ்சை. வேர் வழியாக ஏறி மட்டைகளை வெளுக்கவைத்து மரத்தையே சாய்த்துவிடும். மருந்து கிடையாது. ஏறக்குறைய நூறு வருஷத்தில் மொராக்கோவின் பேரீச்சை மரங்களில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிட்டது. உசத்தி ரகமான மெட்ஜூலுக்குத்தான் அடி அதிகம்.

1927-ல் இந்த நோயைப் பார்வையிட அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த வால்டர் ஸ்விங்கிள் என்ற தாவரவியலாளர் அங்கே போனார். பூதெனிப் என்ற ஊரில் நோய் தொடாத ஒரு மெட்ஜூல் மரத்தைப் பார்த்தார். அதன் 11 கன்றுகளை வாங்கி, கப்பலேற்றினார். அமெரிக்காவில் இறங்கியதும் நேராகத் தோட்டத்துக்கு விடவில்லை. நோய் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால்? வேறு பேரீச்சையே இல்லாத இடமாகப் பார்த்து, நெவாடா மாநிலத்தின் தென்கோடியில், ஒரு செவ்விந்தியக் குடும்பத்தின் பொறுப்பில் பதினொன்றையும் நட்டார்கள். தனிமைச் சிறை.

சர்க்கார் எல்லாவற்றையும் யோசித்திருந்தது. அந்த வீட்டு நாயை யோசிக்கவில்லை! அது விளையாட்டாகத் தோண்டிப் போட்டதில் இரண்டு கன்று காலி.

மிச்சம் ஒன்பது. அந்த ஒன்பதும் பிழைத்தன, குட்டி போட்டன. 1930-களின் நடுவில் இண்டியோவுக்கு வந்தன. 1940-களில் விவசாயிகள் கைக்குப் போயின. இன்றைக்கு இந்தப் பள்ளத்தாக்கிலும், பக்கத்து அரிஸோனா எல்லையில் யூமா பகுதியிலும் நிற்கிற மெட்ஜூல் மரங்களுக்கெல்லாம் மூலம் அந்த ஒன்பது கன்று. அதற்கும் மூலம் ஒரே ஒரு தாய் மரம். மொராக்கோவும் இப்போது பழைய தோப்புகளில் மெட்ஜூலைத் திரும்ப நட்டுக்கொண்டிருக்கிறது.

"அந்த நாய்க்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைச்சிருந்தா?" என்றேன்.

"நாம டிஸ்னிலேண்ட் போயிருப்போம்" என்றாள் அக்கா.

சாயங்காலம் தெர்மல் பக்கத்தில் ஒரு தோட்டம். அத்தானுடைய நண்பருக்குத் தெரிந்தவர்கள். அறுவடை நடந்துகொண்டிருந்தது. குலைகளுக்கெல்லாம் துணிப்பை மாட்டியிருந்தார்கள், குழந்தைக்குக் குல்லாய் மாட்டிய மாதிரி. பறவை கொத்தாமல், பூச்சி புகாமல், பழுத்து உதிர்வது தரையில் விழாமல் இருக்க.

மரம் ஏறுகிறவர்கள் மெக்சிகோக்காரர்கள். பால்மேரோ என்று பெயர். மரத்தின் மேல் பாதியில் அலுமினிய ஏணியைக் கட்டியே வைத்திருக்கிறார்கள். கீழ்ப் பாதிக்குத் தோளில் இன்னொரு ஏணி. என் அப்பா வயதை நெருங்கிய ஒருவர், நான் வாட்டர் பாட்டில் மூடியைத் திறப்பதற்குள் உச்சிக்குப் போய்விட்டார். இடுப்பு பெல்ட்டை மரத்தோடு மாட்டினார். துணிப்பையை அவிழ்த்துக் குலையை ஆட்டினார், பழுத்தது மட்டும் தட்டில் விழுந்தது. ஒரே குலையில் எல்லாம் ஒன்றாகப் பழுப்பதில்லையாம். அதனால் இதே குலைக்காக இன்னும் சில தடவை ஏறவேண்டும்.

கீழே வந்தவரிடம், வருஷத்துக்கு ஒரு மரத்தில் எத்தனை தடவை ஏறுவீர்கள் என்று அத்தானின் அரைகுறை ஸ்பானிஷில் கேட்டோம். அவர் விரலை மடக்க ஆரம்பித்தார். மட்டையில் முள் வெட்ட. மகரந்தம் போட (பாளைகள் ஒரே நாளில் வெடிக்காது, அதனால் பல தடவை). காய் கலைக்க. குலையை மட்டையோடு இழுத்துக் கட்ட. பை மாட்ட. பழம் எடுக்க. இரண்டு கை விரல்களும் தீர்ந்து மறுபடி முதல் விரலுக்கு வந்தார்.

காய் கலைப்பது என்றார் பாருங்கள், அதுதான் என்னை உலுக்கியது. குலையில் காய்த்ததை அப்படியே விட்டால் மெட்ஜூல் இந்த அளவுக்குப் பருக்காது. அதனால் பிஞ்சிலேயே சரம் சரமாக, பாதிக்கு மேல் கிள்ளி எறிந்துவிடுகிறார்கள், கையால். மிச்சமானது பெருக்க, மற்றது போகவேண்டும்.

உயரமான மரங்கள் என்னவாகும் என்று கேட்டேன். ரொம்ப உயர்ந்தால் ஏறுகிற கூலி கட்டாது. வேரோடு பெயர்த்து ஹோட்டல் வாசலுக்கும் கோல்ஃப் மைதானத்துக்கும் அழகுக்கு விற்றுவிடுவார்கள். சொல்லிவிட்டு அந்தப் பெரியவர் தன் முழங்காலைத் தட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கொடுத்த ஒரு பழத்தை வாயில் போட்டேன். தேனும் வெல்லப்பாகும் கலந்த மாதிரி, வெயிலில் இளஞ்சூடாக. கட்டிலுக்கு அடியில் இருந்த மூன்று கற்கள் கண் முன்னால் வந்து நின்றன.

ஊருக்கு வரும்போது அக்கா ஒரு பெட்டி கொடுத்தனுப்பினாள். அப்பா இப்போது எழுபதுகளில் இருக்கிறார். சுகர் உண்டு. அம்மா அளந்து பாதிப் பழம்தான் கொடுத்தாள். அப்பா அதைக் கண்ணருகே பிடித்து, கடைக்காரர் பார்க்கிற பார்வை பார்த்தார்.

"எதைப் போட்டுடா வாங்கினே?"

முப்பது வருஷம் கழித்து! என் முகம் போன போக்கைப் பார்த்து அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். நான் உளறிக்கொட்டிப் பேச்சை மாற்றினேன். ஒன்பது கன்று, நாய், துணிப்பை, ஏணி, பெரியவரின் முழங்கால் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு மரத்துக்கு அத்தனை தடவையா? அப்போ விலை நியாயம்தான்" என்றார்.

அப்புறம் எனக்கே தாங்கவில்லை. "அப்பா... அந்த எடைக்கல்லு..."

"அட, அதுவா? தேஞ்சுபோன கல்லுடா. எடை குறையுதுன்னு முத்திரை குத்த மாட்டேன்னுட்டான். நீ போடலேன்னா நானே போட்டிருப்பேன்."

சொல்லிவிட்டு அந்தப் பாதிப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரும்புக்கல் அவ்வளவு சீக்கிரம் தேயுமா? தூக்கிக்கொண்டு போனவன் நான். மூன்றிலும் முத்திரை பளிச்சென்று இருந்தது.

"இனிப்பாத்தான் இருக்கு" என்றார் அப்பா.