நெல்லிக்குப்பம் ஆலையும் வோல்கா நதியும்

மேல்பட்டாம்பாக்கத்துக்காரர்களுக்கு ஆலை என்றால் நெல்லிக்குப்பம் பாரி ஆலைதான். 1788-ல் சென்னைக்கு வந்த தாமஸ் பாரி தொடங்கிய வியாபாரத்தின் வழிவந்த கம்பெனி. 1981-ல் அதை முருகப்பா குழுமம் வாங்கியது. வெள்ளைக்காரர் கம்பெனி நம்மவர் கைக்கு வந்ததில் எங்களுக்கெல்லாம் பெருமை.

அதே குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல், 2007-ல் ரஷ்யாவின் வோல்ஷ்ஸ்கி நகரில் ஓர் ஆலையின் பெரும்பங்கை வாங்கியது. என்னோடு நடைப்பயிற்சிக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்டார்: "நம்ம ஊர்ப் பசங்க வேலையில்லாம இருக்காங்க. அந்தப் பணத்தை இங்கயே போட்டா என்ன சார்?"

நியாயமான கேள்வி. ஆனால், கரும்பு ஆலையைக் கரும்பு விளையும் இடத்தில்தானே வைக்கிறோம்? வெட்டிய கரும்பு காத்துக் கிடந்தால் சர்க்கரை இறங்கிவிடும். சாணைக்கல்லுக்கும் உப்புத்தாளுக்கும் வேண்டிய சிலிக்கான் கார்பைடுக்கு அந்தக் 'கரும்பு' மின்சாரம். மணலையும் கரியையும் மின் உலையில் கடும் சூட்டில் வைத்து எடுப்பது அது. வோல்ஷ்ஸ்கியில் வோல்கா நதிமேல் பெரிய நீர்மின் நிலையம் இருக்கிறது. மறுவருஷம் தென்னாப்பிரிக்காவில் ஜிர்கோனியா ஆலை வாங்கினார்கள், அது கனிமத்துக்காக. 2022-ல் ஜெர்மனியில் வாங்கியது, அங்குள்ள பெயருக்கும் வாடிக்கையாளருக்கும். ஆக, எது நம்மிடம் இல்லையோ அது இருக்கும் இடத்துக்குப் போகிறார்கள்.

வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் நான். போட்ட பணம் எப்படித் திரும்பும் என்றுதான் முதலில் பார்ப்பேன். இந்தக் குடும்பத்தின் தொழிலே 1900-ல் பர்மாவின் மௌல்மீனில் லேவாதேவியாகத் தொடங்கியது. 1930-களில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை. அடமான நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. நிலத்தைக் கப்பலில் ஏற்ற முடியுமா? பின்னர் யுத்தம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா அரசு நிலங்களை எடுத்துக்கொண்டது. எத்தனையோ குடும்பங்கள் நொடித்துப்போயின. இவர்களோ யுத்தத்துக்கு முன்பே சொத்தை இந்தியாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

ரஷ்ய ஆலையை அப்படி மாற்ற முடியவில்லை. உக்ரைன் போரையொட்டி 2024-ல் அமெரிக்கா அந்த ஆலையையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. பர்மாவில் பிழைத்த குழுமத்துக்கே இந்தச் சோதனை.

இது யாரோ முதலாளிகளின் கவலை என்று இருந்துவிடாதீர்கள். நம்மில் பலருடைய ஓய்வூதியச் சேமிப்பு, மியூச்சுவல் ஃபண்டு வழியாக இப்படிப்பட்ட கம்பெனிகளில்தான் இருக்கிறது. ஒரு கம்பெனி வெளிநாட்டில் ஆலை வாங்கியதாகப் பேப்பரில் படித்தால், அங்கே என்ன கிடைக்கும் என்பதோடு, கெட்ட காலம் வந்தால் எதைத் திருப்பிக் கொண்டுவர முடியும் என்றும் கேளுங்கள். ஆசிரியரிடமும் இதைத்தான் சொன்னேன்.