பீளமேடு: மில் சங்கும் ஓட்டுச்சீட்டும்

அவினாசி ரோட்டில் ஏர்போர்ட்டுக்குப் போகிறவர்களுக்குப் பீளமேடு என்றால் கல்லூரி, ஆஸ்பத்திரி, மோட்டார் பம்பு. பெரியவர்களுக்கோ அது இன்னமும் மில்லு ஊர்தான். ரங்கவிலாஸ், ராதாகிருஷ்ணா என மில் சங்கு ஊதுவதை வைத்தே மணி சொன்னவர்கள் அவர்கள்.

அந்த மில்லுக்குள் நின்றவர்களில் அநேகம் பேருக்குச் சென்னை சட்டசபை எட்டாத இடம். 1920 தேர்தலில் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே ஓட்டு. அப்போது சபைக்குப் போன கோவைக்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், பிற்பாடு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனார்.

1937-ல் கதவு கொஞ்சம் திறந்தது. பேரவையில் 215 இடங்கள். பெண்களுக்கு 8, தொழிலாளர்களுக்கு 6. நிலச்சுவான்தார்களுக்கும் அதே 6! (அவர்கள் எத்தனை பேர், தறியிலும் கதிரிலும் நின்றவர்கள் எத்தனை பேர்?) கோவை மில் தொழிலாளர்களின் தலைவர் என்.ஜி. ராமசாமி சட்டசபைக்குள் நுழைந்தது அந்தத் தேர்தலில்தான். சின்ன வயதிலேயே காலமாகிவிட்டார். அவர் பெயரைச் சொன்னால் பழைய மில்காரர்கள் இன்றும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

21 வயதான எல்லோரும் ஓட்டுப் போட்டது 1952-ல். பேரவையில் அப்போது 375 பேர். ஆந்திரமும் மலபாரும் பிரிந்த பிறகு எண்ணிக்கை சுருங்கி, 1967 முதல் 234. மேலவை 1986-ல் கலைக்கப்பட்டது.

பீளமேட்டுக்காரர்கள் ஓட்டுப் போடும் சிங்காநல்லூர் தொகுதியில் 2006-ல் வெற்றி வித்தியாசம் வெறும் 14 ஓட்டு. ஷிப்டு முடிந்து ஒரு டீக்கடை பெஞ்சைச் சுற்றி நிற்கிற கூட்டம் அவ்வளவு இருக்கும்.