தூரிகை வழி – 6: சேவூரில் ஒரு சனிக்கிழமை

அவிநாசியில் புளியம்பட்டி பஸ் ஏறும்போது மணி பதினொன்று. பழைய போர்வையில் சுற்றிய 14 ஓவியங்களைப் பார்த்துவிட்டு, "கண்ணாடிங்களா?" என்றார் கண்டக்டர். "படமுங்க" என்றேன். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் அவற்றை நிற்க வைத்து, சேவூர் கைகாட்டி வரும்வரை ஒரு கையால் பிடித்தபடியே டிக்கெட் கிழித்தார்.

போன வாரம் கோவை அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்தின் வாசலில் கட்டுரையை நிறுத்தியிருந்தேன். ஓவியக் கண்காட்சி என்ற ஒன்றை என் வாழ்நாளில் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். கஸ்தூரி சீனிவாசன், தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான 'சிட்ரா'வின் முதல் இயக்குநர். பஞ்சும் நூலுமே வாழ்க்கையாக இருந்தவர் பெயரில் ஓவியக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் சேர்ந்தே இருப்பதைப் பார்த்தபோது, நான் ஒளித்து வைத்திருந்த ஒன்றை இனி ஒளிக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. நான் நிறம் கற்றது கல்லூரியில் அல்ல. திருப்பூரில், ஒரு பிரிண்டிங் பட்டறையில்.

பதினெட்டு வயதில் செக்கிங் வேலைக்குப் போனேன். சேவூரில் பெரியம்மா வீட்டில் தங்கி, காலை ஏழேகாலுக்குக் கம்பெனி வேன். பனியன் துணியில் படம் விழுவது எப்படி என்று அங்கேதான் பார்த்தேன். படத்தில் ஆறு நிறம் இருந்தால் ஆறு பிலிம், ஆறு ஸ்கிரீன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெஷ் துணியில் எமல்ஷன் பூசி, பிலிமை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகும், படாத இடம் தண்ணீரில் கழுவிக்கொண்டு போகும். அந்தத் திறப்பு வழியாக மட்டும் ஸ்க்வீஜி நிறத்தை இழுத்துவிடும். ஒரு நிறம் காய்ந்த பிறகே அடுத்தது. ஸ்கிரீன் ஒரு நூல் விலகினாலும் பூவுக்கு வெளியே சிவப்பு நிற்கும். ஒரு படத்தைத் தனித்தனி நிறங்களாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் என் கண்ணுக்கு அந்த மேஜையில்தான் வந்தது. இன்றும் வேப்பமரத்தைப் பார்த்தால், எந்தப் பச்சை முதலில் விழ வேண்டும் என்றுதான் பார்க்கிறேன்.

அதைவிடப் பெரிய பாடம் லைட் பாக்ஸில் இருந்தது. வெளிநாட்டு பையர் ஒப்புக்கொண்ட நிறத்தையும் நாங்கள் அடித்த 'ஸ்ட்ரைக் ஆஃப்' என்னும் மாதிரி அச்சையும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்குள் அருகருகே வைப்போம். டி65 விளக்கு பகல் வெளிச்சத்துக்கு, டிஎல்84 ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கு. ஒன்றில் அச்சாகப் பொருந்திய இரண்டு நீலங்கள், சுவிட்சை மாற்றியதும் வெவ்வேறாகப் பிரிந்துவிடும். 'டோன் அடிக்குது' என்பார்கள். நிறம் என்பது பொருளுக்குச் சொந்தம் என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு அன்று உடம்பு சிலிர்த்தது. இரண்டு வருடச் சம்பளத்தைச் சேர்த்துக்கொண்டு கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிக்குப் போனபோது, மற்றவர்கள் சிரமப்பட்ட நிழலின் நீலம் எனக்கு எளிதில் கைவந்ததற்கு அந்தப் பெட்டிதான் காரணம்.

சேவூர் கைகாட்டியில் இறங்கினேன். திங்கட்கிழமைகளில் நிலக்கடலை ஏலம் நடக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தபடியே ஓவியங்களைத் தூக்கி வந்தார் ஆட்டோ ஓட்டும் ஒருவர். சாமான்களைப் பெரியம்மா வீட்டில் இறக்கிவிட்டு வாலீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். வாலி பூசித்த தலம் என்பது ஐதிகம். நடுச்சிதம்பரம் என்றும் சொல்வார்கள். அம்மன் பெயர் அறம் வளர்த்த நாயகி. நடை சாத்தும் நேரம். வெளிமதிலின் நிழலில் அமர்ந்து அரை மணி நேரம் கோடு போட்டேன். கல்லை வரைவது எனக்கு இன்னும் வசப்படவில்லை. வெயில் ஏறிய கல் வெள்ளையாகவும் இல்லை, மஞ்சளாகவும் இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஊர் ஓய்ந்த அந்த மதிய வேளையில் கே.சி.எஸ். பணிக்கரை நினைத்துக்கொண்டேன். 1911இல் கோவையில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தவர். படித்து முடித்த ஓவியர்கள் பிழைக்க வழியில்லாமல் ஓவியத்தைக் கைவிடுவதைப் பார்த்து, அவர்களைக் கைவினைப் பொருட்கள் செய்ய வைத்தார். மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பத்திக் துணிகள் அதில் முக்கியம். அப்படிச் சேர்ந்த பணத்தில் வாங்கிய நிலத்தில்தான் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. தமிழ்நாட்டு நவீன ஓவியம் குடியிருக்க இடம் வாங்கித் தந்தது சாயத் துணி. இதைச் சேவூரில் ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும்போல இருந்தது.

சாயத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அதைச் சொல்லாமல் நிறத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வராது. நொய்யலில் கலந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த காடு தோட்டங்களை உப்பாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகே, ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றுக்குப் போகக்கூடாது என்ற விதி உண்மையிலேயே இறுகியது. என் 14 ஓவியங்களில் மூன்று, அணை நீரின் நிறங்கள். எங்கள் மேஜையில் பையர் ஒப்புக்கொண்ட அதே சிவப்பு, அதே கருநீலம்.

இந்த ஓவியங்களை இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெருநகரக் காட்சிக்கூடத்தில் வைத்தேன். சுவருக்கு நாள் வாடகை கட்டியும், ஐந்து நாளில் வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். வந்தவர்களும் பெயரட்டையைப் படித்துவிட்டு நகர்ந்தார்கள். சேவூருக்குக் கொண்டுவரும் முடிவு அன்றே எடுத்தது.

பெரியம்மா வீட்டு ஆசாரத்தில் தூணுக்குத் தூண் நைலான் கயிறு கட்டி, துணி கிளிப்பில் ஓவியங்களை மாட்டினோம். சனிக்கிழமை சம்பள நாள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து வேன்கள் திரும்பும்போது ஒன்பதரை ஆகிவிட்டது. பவர் டேபிளில் தைப்பவர்கள், கட்டிங் மாஸ்டர் ஒருவர், கைமடிக்கும் பிள்ளைகள், அயர்ன் போடும் இரண்டு பேர். டிபன் கூடையோடு அப்படியே வந்தார்கள். முப்பது பேருக்குக் குறையாது. முதலில் ஒருவரும் பேசவில்லை. அந்த மௌனம் பெருநகரத்து மௌனம் அல்ல. இவர்கள் கண் வேலை செய்துகொண்டிருந்தது.

செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண் அணை ஓவியத்தின் முன் நீண்ட நேரம் நின்றாள். "அக்கா, இந்தச் செவப்பு டோன் அடிக்குதுங்க" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். உண்மை. பகல் வெளிச்சத்தில் வடக்கு ஜன்னலோரம் வரைந்த சிவப்பு, பெரியம்மா வீட்டு டியூப் லைட்டின் கீழ் செத்துப்போய்ப் பழுப்பாக நின்றது. எத்தனையோ கண்காட்சிகளில் தொங்கிய ஓவியம். அதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்தது. பெரியம்மா, "ஏஞ்சாமி, எதாச்சும் தப்பாச் சொல்லிப்போட்டாளா?" என்று பதறிவிட்டார். இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"காத்தால வாறமுங்க. வெயில்ல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள் அந்தப் பெண்.

ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்கே வந்துவிட்டார்கள். விடுமுறை நாளில் துணி துவைக்கும் நேரம் அது. கயிற்றை ஆசாரத்திலிருந்து அவிழ்த்து வீதிக்குக் குறுக்கே, எதிர்வீட்டு முருங்கை மரத்தில் கட்டினார்கள். நான் தடுக்கவில்லை. காற்றில் பதினான்கும் ஆடின. சிவப்பு எழுந்துவிட்டது. வேன் டிரைவர் ஒருவர் ஒரத்துப்பாளையம் ஓவியத்தைக் காட்டி, தன் மாமனார் ஊர் அந்தப் பக்கம்தான் என்றும், அங்கே கிணற்றுத் தண்ணீரில் மாடுகூட வாய் வைக்காமல் இருந்ததென்றும் அருகிலிருந்த பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் ஓவியத்தைக் கிளிப்பிலிருந்து எடுத்து முதலில் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். பனியனைத் திருப்பித் தையல் பார்க்கிற அதே கை. பிறகு முன்பக்கத்தை வெயிலுக்குச் சாய்த்தாள். கரையோரப் பச்சையைத் தொடாமல் விரலால் காட்டினாள்.

"இதுக்கு எத்தன ஸ்கிரீனுங்க?"

எண்ணிப் பார்த்தேன். "ஏழு."

"அப்ப ஏழு வாட்டி காய உட்டிருப்பீங்க" என்றாள்.

நம்பியூர் பஸ் பத்தேகாலுக்கு. போர்வையில் இப்போது 13 ஓவியங்கள்.