தோளில் வலித்த வயிறு

திங்கள், காலை

விடியற்காலை மழை நின்றும் மூடுபனி விலகவில்லை. ஏழரைக்குத் தோட்டத்துக் கிளினிக்கைத் திறக்கும்போதே வாசல் பெஞ்சில் ஒரு தம்பி குனிந்து உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வயது. கொழுந்து லாரிக்குப் பின்னால் மோட்டாரில் வந்தவன், வளைவுச் சேற்றில் சறுக்கி விழுந்திருக்கிறான்.

"ஹேண்டல் வயித்துல இடிச்சிருச்சு டிரஸ்ஸர் ஐயா. இப்ப ஒண்ணுமில்ல. ரெண்டு பானடோல் குடுத்தீங்கன்னா வேலைக்குப் போயிருவேன்."

சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். இடது விலாவுக்குக் கீழே ஐம்பது சென் காசு அளவுக்கு வட்டமாகச் சிவந்திருந்தது. வேறு காயமே இல்லை. நாடி 88. ரத்த அழுத்தம் 118/76.

இப்படிப்பட்ட வயிற்றை நான் நம்புவதே இல்லை. கை முறிந்தால் வீங்கிவிடும், தலை உடைந்தால் ரத்தம் கொட்டும். வயிறு மட்டும் எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும். ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு "சரி, போ" என்று சொல்லவே கூடாத இடம் அது. படுக்க வைத்தேன்.

தாயார் ஓடி வந்தார். ஒரு கையில் கோடாலித் தைலம், மறு கையில் மிலோ பிளாஸ்க். இரண்டையும் தடுத்தேன்.

"காலையில இருந்து வெறும் வயிறுங்க ஐயா."

"வெறும் வயிறாவே இருக்கட்டும்மா. ஆபரேஷன்னு சொன்னா அதுதான் நல்லது. தேய்ச்சும் விடாதீங்க."

கால் மணிக்கொரு தடவை நாடி பார்த்து எழுதினேன். 88, 96, 104. அழுத்தம் மட்டும் அப்படியே நின்றது. இள உடம்பு ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தை விரட்டி, அழுத்தத்தை விடாமல் தாங்கிப் பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கு ரத்தம் போகும் வரைக்கும்கூடத் தாங்கும். அதற்குப் பிறகு ஒரேயடியாகச் சரியும். அதனால்தான் நான் நாடியை நம்புகிறேன்.

நாலாவது தடவை போனபோது அவனே சொன்னான்: "வயிறு பரவாயில்லைங்கய்யா. இந்தத் தோள்தான் வலிக்குது. அங்க அடியே படல."

இடது தோள். கையைத் தூக்கிச் சுழற்றினான், தடையே இல்லை. எனக்கு அதற்கு மேல் காத்திருக்கத் தோன்றவில்லை. மண்ணீரல் கிழிந்து கசியும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்தும். அந்தத் தசைக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. தோளின் உணர்ச்சியும் தண்டுவடத்தில் அதே இடத்தில்தான் போய்ச் சேர்கிறது. மூளை குழம்பி, வயிற்றின் வலியைத் தோளில் காட்டுகிறது. கெர் அறிகுறி என்பார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு இரண்டு கையிலும் ஊசி ஏற்றினேன்.

திங்கள், இரவு

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் அல்ட்ராசவுண்டு வைத்தார்கள். மண்ணீரலுக்கும் இடது சிறுநீரகத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு கீற்று. ரத்தம்தான். உடனே ஈப்போவுக்கு அனுப்பினார்கள். நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். சிம்பாங் பூலாய் வரைக்கும் வளைவும் இறக்கமும்தான். 2010 டிசம்பரில் தாய்லாந்துப் பயணிகளின் பஸ் கவிழ்ந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்ததும் இந்தச் சாலையில்தான். இந்த மலையில் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்வதற்கு முன், கீழே போய்ச்சேர ஆகும் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சிடி ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்திருந்தது. ரத்தம் மேற்கொண்டு ஒழுகவில்லை. ஆபரேஷன் வேண்டாம், கட்டிலை விட்டு எழுந்திருக்கக் கூடாது, ஹீமோகுளோபினைத் திரும்பத் திரும்பப் பார்ப்போம் என்றார்கள். நான் படித்த காலத்தில் கிழிந்த மண்ணீரல் என்றால் எடுத்துவிடுவதுதான் வழக்கம். எடுத்துவிட்டால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளோடு போராடும் பலம் குறையும், தடுப்பூசி போட்டாக வேண்டும். நோயாளி நிலையாக இருந்தால் இன்று முடிந்தவரை உள்ளேயே காப்பாற்றிவிடுகிறார்கள். குடல் ஓட்டையானால் மட்டும் அந்தப் பொறுமை உதவாது. அது ஒரு நாள் கழித்துக்கூட காய்ச்சலாகவும் இறுகிய வயிறாகவும் வெளிப்படும், கத்தி வைத்தே தீர வேண்டும். அதற்காகவும்தான் வயிற்றை மறுபடி மறுபடி தொட்டுப் பார்க்கிறார்கள்.

புதன்

மண்ணீரல் என்ற சொல் என்னை விடவில்லை. அந்தக் காலத்தில் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் டாக்டர் மால்கம் வாட்சன் பிள்ளைகளின் இடது விலாவுக்குக் கீழே தடவிப் பார்த்து, வீங்கிய மண்ணீரல்களை எண்ணித்தான் மலேரியாவை அளந்தார். வீங்கிய மண்ணீரல் லேசான அடிக்கே கிழியும். அந்த உண்மையே ஏழைக்கு எதிராகவும் திரும்பியது. 1875-இல் ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கில வழக்கறிஞர் அடித்ததில் அவருடைய குதிரைக்காரர் கட்வாரு இறந்தார். மண்ணீரல் நோயுற்றிருந்தது என்றார்கள், ஃபுல்லருக்கு முப்பது ரூபாய் அபராதம். மறு வருஷம் வைஸ்ராய் லிட்டனே அந்தத் தீர்ப்பைக் கண்டித்தார். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் அடித்துக் கொன்றவர்களை இதே காரணம் காப்பாற்றியது. செத்தவனின் உடம்பையே குற்றவாளியாக்கிய வழக்குகள் அவை. படிக்கும்போதெல்லாம் நெஞ்சு எரிகிறது.

சனி

வீட்டுக்கு அனுப்பினார்கள். மோட்டார் ஓட்டுவது, பாரம் தூக்குவது, பந்து விளையாடுவது எல்லாம் டாக்டர் சொல்லும்வரை கூடாது. கிழிந்த இடம் சில நாள் கழித்தும் திரும்ப ஒழுகலாம். தாயாரிடம் சொல்லிவிட்டு, திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

"மயக்கம் வந்தா, வேர்த்துக் கொட்டினா, வயிறு உப்பினா உடனே வரணும். அப்புறம்..." என்று நிறுத்தி, மகனைப் பார்த்தார். பிறகு தன் இடது தோளின் மேல் கையை வைத்து அழுத்தினார்.