ஹோர்ன் நகரத்துச் சிலை

ஆம்ஸ்ரர்டாமில் ரயிலேறினால் முக்கால் மணித்தியாலத்துக்குள் ஹோர்ன். பழைய துறைமுகப் பட்டினம். நடுச்சதுக்கத்தில் 1893 இல் நிறுத்திய சிலையொன்று உண்டு. ஆள் யான் பீற்றர்சோன் கூன். பெயர்தான் கூன், நிற்பதோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு!

1587 இல் இவ்வூரிற் பிறந்தவர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மகாதேசாதிபதியாகி, 1619 இல் ஜாவாவில் பத்தாவியாவை, அதாவது இன்றைய ஜகார்த்தாவை, நிறுவினார். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் இதே கம்பெனிதான்.

1621 இல் பண்டாத் தீவுகளுக்குப் படையோடு போனார். எதற்கு? நாங்கள் குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுக்கிறோமே, அந்தச் சாதிக்காய்க்கு! தீவார் அதை ஆங்கிலேயருக்கும் விற்றதைக் கம்பெனி பொறுக்கவில்லை. ஊர்ப்பெரியவர்கள் 44 பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஏறக்குறைய 15,000 சனத்தில் ஆயிரம் பேரளவே தீவில் மிஞ்சினர். கொல்லப்பட்டோரும் பட்டினியால் இறந்தோரும் போக, பலர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். சிலர் வள்ளமேறித் தப்பிக் கேய் தீவுகளிற் குடியேறினர். அவர்களின் சந்ததியார் இன்றும் அங்கே பண்டா மொழி பேசுகிறார்கள். 400 வருடங்கள்!

2011 இல் பாரந்தூக்கி ஒன்று தட்டிச் சிலை விழுந்தது. திரும்பவும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஊரவர் சிலர் கேட்டுக்கொண்டதால், பண்டாவில் நடந்ததைச் சொல்லும் புதிய பலகையும் வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் பிள்ளைகளைக் கொண்டு அதை வாசிப்பியுங்கள். ஒல்லாந்த மொழி எங்களைவிட அவர்களுக்கு நன்றாக வரும்.